ஒரு சக்கரம் தரையை விட்டபோது

ஐஸ் வண்டி ஓட்டும் அந்த அம்மாளை எங்கள் தெருவில் எல்லாரும் அக்கா என்றே அழைத்தோம். அவர் இல்லாத இடத்தில் முட்டுக்கட்டை அக்கா என்றோம். வண்டியை எங்கே நிறுத்தினாலும், இறங்கியவுடன் இருக்கைக்கு அடியிலிருந்து ஆப்பு வடிவத்தில் செதுக்கிய இரண்டு மரக்கட்டைகளை எடுப்பார். முன்சக்கரம் ஒன்றின் முன்னும் பின்னும் அவற்றைச் செருகி, காலால் ஓர் உதை கொடுத்த பிறகுதான் ஐஸ் இறக்கத் தொடங்குவார். கட்டைகள் பிரிந்து தொலைந்துவிடாதபடி ஒரு கயிற்றால் இணைக்கப்பட்டிருந்தன.

"அக்கா, தரை சமமாத்தானே இருக்கு, வண்டி எங்க ஓடிப்போகப் போகுது?" என்று மீன் கடைக்காரர் சீண்டுவார்.

"ஓடிப்போன பிறகு எங்கன்னு சொல்றேன்" என்பார் அக்கா, கட்டையை இன்னொரு முறை உதைத்தபடி.

அவர் பயந்த சுபாவம் உடையவர். இதை மறைத்து எழுதத் தேவையில்லை, அவரே மறைத்ததில்லை. மின்தூக்கியில் ஏற மாட்டார். நாய் கட்டப்பட்டிருந்தாலும் சங்கிலியின் நீளத்தைக் கண்ணால் அளந்த பின்னரே அந்த வாசலைக் கடப்பார். எரிவாயு அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தவர் மீண்டும் எழுந்து சென்று அதைத் தொட்டுப் பார்ப்பார். இளமையில் ஏதேனும் விபத்து நேர்ந்திருக்கும் என்று கருதிச் சிலர் பரிவோடு விசாரித்ததுண்டு. அப்படி ஒன்றும் இல்லை. "விழுந்து அடிபட்டாத்தான் பயப்படணுமா? விழும்னு தெரிஞ்சா போதாதா?" என்று அவர் திருப்பிக் கேட்பார்.

இத்தகையவர் கனமான வண்டி ஒன்றுக்கு உரிமையாளர் ஆனது எவ்வாறு என்று வியப்பவர்களுக்கு விடை எளியது. அவர் ஐஸ் தொழிற்சாலையில் எடை போடும் வேலையில் இருந்தார். தொழிற்சாலை தன் பழைய வண்டியை விற்றுவிட முடிவு செய்தபோது, கடைகளுக்கு ஐஸ் கொண்டு போக வேறு ஆள் இல்லை. எல்லாக் கடைகளின் தேவையையும் மனப்பாடமாக அறிந்தவர் அவர் ஒருவரே. பயந்துகொண்டே ஓட்டக் கற்றார், பயந்துகொண்டே வாங்கினார். அவருடைய கணவர் வீட்டின் முன்னறையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். "என் பொண்டாட்டிக்கு உலகத்துல எல்லாத்துமேலயும் பயம். என்னைத் தவிர" என்று கண்ணாடி வாங்க வருபவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வண்டி பழைய வகையைச் சேர்ந்தது. ஏணியைப் படுக்கப் போட்டாற்போல இரண்டு நீண்ட இரும்புத் தூலங்களும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட சேசிஸ் அதன் முதுகெலும்பு. ஓட்டுநர் அறையும் ஐஸ் பெட்டியும் அதன்மேல் தனித்தனியே பொருத்தப்பட்டிருந்தன. சேசிஸுக்குக் கீழே வில்போல வளைந்து அதிர்வைத் தாங்கும் இரும்புப் பட்டைகள். பட்டைகளுக்குக் கீழே சக்கரங்களைத் தாங்கும் அச்சு. பட்டறையில் விட்டால் எப்போது திரும்பும் என்று தெரியாது, ஐஸோ யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே சிறுசிறு பழுதுகளை வீட்டு முற்றத்திலேயே அக்கா பார்த்துக்கொண்டார்.

அதை அவர் செய்யும் முறையைப் பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். கட்டைகளைச் செருகுவார். வண்டியைத் தூக்கும் ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை ஒன்றை இடுவார். ஜாக்கியைச் சேசிஸில் கொடுக்காமல், கீழே இருக்கும் அச்சில் கொடுப்பார். சக்கரம் தரையை விட்டதும், மூன்று கால் இரும்பு ஸ்டாண்டை அச்சுக்கு அடியில் நிறுத்தி, பாரம் முழுவதும் அதில் அமரும்வரை ஜாக்கியைத் தளர்த்துவார். பிறகு வண்டியைத் தோளால் முட்டி ஆட்டுவார். சிறிதளவு ஆடினாலும் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். இத்தனைக்குப் பின்னும் அடியில் நுழையும்போது அவருடைய உதடுகள் வெளுத்திருக்கும். "ஜாக்கி தூக்கும். தாங்காது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். கணவர் அதைக் கேட்டுக் கேட்டு, கடையில் மூக்குக்கண்ணாடியின் காது வளைவைச் சரிசெய்யும்போதும் அதே குரலில் சொல்லிக் கேலி செய்வார்.

விடுமுறைக்காக அக்காவின் தங்கையும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். தங்கையின் கணவரை வீட்டில் மாப்பிள்ளை என்றே அழைத்தார்கள். கார் பழுதுபார்க்கும் பட்டறையில் அவர் நல்ல பெயர் எடுத்தவர். கைசுத்தம் உள்ள வேலைக்காரர். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாதவர். ஐஸ் வண்டியின் இடப்பக்கப் பின்சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் கசிந்து கோடாக இறங்கியிருப்பதை வந்த அன்றே கண்டுபிடித்துவிட்டார்.

"அக்கா, பிரேக் சிலிண்டர் போயிடுச்சு. இதோட எப்படி ஓட்டுறீங்க? உங்க பயமெல்லாம் நாய்கிட்ட மட்டும்தானா?"

"மெதுவா ஓட்டுறேன். இந்த வாரம் மாத்தலாம்னு சிலிண்டர் வாங்கி வெச்சிருக்கேன் மாப்பிள்ளை."

"அப்ப நான் மாத்துறேன். நீங்க ஓரமா உக்காந்து காபி குடிங்க. நாளெல்லாம் இதைத்தானே பண்றேன்."

"கார்ல பண்றீங்க. இது கார் இல்ல."

"நாலு சக்கரம் இருக்குல்ல? அப்புறம் என்ன?"

கடை வாசலில் நின்ற கணவர் குறுக்கிட்டார். "சகலை, ஜாக்கிரதை. வண்டிக்கு முட்டு வெக்கிறதுக்கு முந்தி உங்களுக்கு முட்டு வெச்சிடுவா."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கட்டைகளை முன்சக்கரத்தில் செருகி உதைத்தார். முற்றத்துத் தரை மழைநீர் வடிவதற்காக வெளிவாயிலை நோக்கிச் சிறிது சரித்துக் கட்டப்பட்டது. கண்ணுக்குச் சமதளமாகவே தெரியும். தண்ணீரைக் கொட்டினால்தான் சரிவு புலப்படும். வண்டி வெளிவாயிலைப் பார்த்து நின்றது.

"ஸ்டாண்டு வெக்காம அடியில போகாதீங்க."

"வெக்கிறேன் அக்கா, வெக்கிறேன். வெக்காம விட்டுடுவீங்களா என்ன?"

அந்நேரம் தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு பழச்சாறுக் கடைக்குப் போன ஐஸ் மற்றொரு கடையின் கணக்கில் ஏறிவிட்டதாம். அக்கா உள்ளே போனார்.

மாப்பிள்ளை செய்தவற்றில் எதுவும் சோம்பேறித்தனத்தால் செய்ததன்று. காரைத் தூக்கும்போது அதன் அடிப்பாகத்தின் ஓரத்தில் ஜாக்கி கொடுப்பது அவருக்குப் பழகிய முறை. இங்கே அதற்கு நிகரானது சேசிஸ் என்று கருதி அதில் கொடுத்தார். ஜாக்கி முழு உயரத்துக்கு ஏறியது, சேசிஸும் ஏறியது, ஆனால் சக்கரம் தரையிலேயே இருந்தது. பட்டைகள் தளர்ந்து அச்சைக் கீழே தொங்கவிட்டன. சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்ப வேண்டுமானால் ஜாக்கிக்கு அடியில் உயரம் கூட்ட வேண்டும். சுற்றிலும் பார்த்தார். முன்சக்கரத்தில் இருந்த கட்டைகள் கண்ணில் பட்டன. ஒன்றைக் கவிழ்த்து மற்றொன்றின்மேல் வைத்தால், ஆப்பும் ஆப்பும் சேர்ந்து மேல்பக்கம் மட்டமாகிவிடுகிறது. இந்த யோசனை அவருக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. சரிவான இரு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருக்கின்றன, அவை எந்நேரமும் வழுக்கலாம் என்பது அப்போது அவர் மனத்தில் படவில்லை.

கட்டையை எடுத்தால் வண்டி நகருமே என்பதை அவர் மறந்துவிடவில்லை. ஹேண்ட்பிரேக்கை இறுக இழுத்தார், கியரில் போட்டார். காருக்கு அது போதும். இந்த வண்டியின் ஹேண்ட்பிரேக்கோ சக்கரங்களைப் பிடிப்பதில்லை. எஞ்சினிலிருந்து பின்அச்சுக்குப் போகும் நீண்ட தண்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் இருந்தால், அது பின்னோக்கிச் சுழன்று கொடுக்க, தரையில் இருக்கும் மற்றது தாராளமாக முன்னோக்கி உருளும். தண்டைப் பிடித்திருக்கும் ஹேண்ட்பிரேக்கும் கியரும் அதை வேடிக்கை பார்க்கும்.

சக்கரம் தரையை விட்டது. அதைக் கழற்றி, உட்கார வசதியாக அச்சின் முனைக்கு அருகே படுக்கப் போட்டு, அதன்மேல் அமர்ந்து பிரேக் டிரம்மை எடுத்தார். சிலிண்டருக்கு வரும் எண்ணெய்க் குழாயின் நட்டு உட்புறத்தில் இருந்தது. அதை எட்ட வேண்டுமானால் மல்லாந்து படுத்து, அச்சுக்கு அடியில் தோள்வரை நுழைய வேண்டும். ஸ்டாண்டு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஒரே ஒரு நட்டு; அதைத் தளர்த்திவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அக்கா காபி டம்ளருடன் வெளியே வந்தபோது முதலில் பார்த்தது முன்சக்கரத்தை. அதன் முன்னே ஒன்றுமில்லை; பின்னேயும் ஒன்றுமில்லை. வெறும் தரை. பிறகு ஜாக்கியைப் பார்த்தார். அது நேராக நிற்கவில்லை. அதன் தலை வெளிவாயிலை நோக்கி ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தது. அதற்கு அடியில் தம் கட்டைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக. அதற்கு அப்பால் மாப்பிள்ளையின் இடுப்பும் கால்களும். மேற்பாதி உடல் அச்சுக்கு அடியில்.

 அக்கா அலறவில்லை. அலறினால் உள்ளே இருப்பவர் திடுக்கிட்டு எழ முயல்வார். எழுந்தால் தலை அச்சில் இடிக்கும். இடித்தால் ஜாக்கி ஆடும். டம்ளரை ஓசை எழாமல் சன்னல் விளிம்பில் வைத்தார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்கக்கா."

"வெளிய வாங்க."

"ஒரே நட்டுதான், கொஞ்சம் அடம் பிடிக்குது. இதோ வந்துடுச்சு."

"நட்டு கெடக்கட்டும். கைய காலை உதறாம, அப்படியே நகர்ந்து வாங்க."

"என்னக்கா, திரும்பவும் ஆரம்பிச்சுட்டீங்களா?" உள்ளிருந்து சிரிப்பு வந்தது. "ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன், கியர்ல இருக்கு..."

ஜாக்கியின் தலை இன்னும் சற்றுச் சாய்ந்தது. வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு சிறு கல் நசுங்கும் ஓசை மட்டும் கேட்டது. ஓட்டுநர் அறையில் ஏறிக் கால்பிரேக்கை மிதிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. டிரம்மைக் கழற்றியாகிவிட்டது, குழாய் கழன்றுகொண்டிருக்கிறது. மிதித்தால் எண்ணெய்தான் பீறிடும், வண்டி நிற்காது. ஏறும்போது வண்டி குலுங்கவும் செய்யும். தள்ளி நிறுத்த அவருக்கு வலிமை இல்லை.

அக்கா தரையில் உட்கார்ந்தார். படுக்கப் போட்டிருந்த சக்கரத்தின் ஓரத்தில் இரு கால்களையும் பதித்து, முதுகை மதில்சுவரில் சாய்த்து, முழு உடலாலும் அதை அச்சின் முனைக்கு அடியில் தள்ளினார். சக்கரம் முதலில் அசையவில்லை. இரண்டாம் முறை தரையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போயிற்று.

"நட்டு வந்துடுச்சு" என்றார் மாப்பிள்ளை.

கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கின. ஜாக்கி பக்கவாட்டில் தெறித்து விழுந்தது. வண்டியின் பின்பகுதி இறங்கியபோது எழுந்த ஓசை பெரியதாக இல்லை. அச்சின் முனை டயரின்மேல் அமர, கனமான மூட்டையை இறக்கி வைத்தாற்போல மந்தமான ஓசைதான். அதன்பின் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் தமக்கு இன்றும் காதில் கேட்பதாக அக்கா கூறுவார்.

பிறகு அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது.

டயர் அச்சைத் தாங்கியிருந்தது. அதனால் மாப்பிள்ளை நசுங்கவில்லை. ஆனால் பட்டைகளை அச்சோடு பிணைக்கும் போல்ட்டுகளின் முனைகள் அவருடைய இடத்தோளையும் மார்பின் ஒரு பகுதியையும் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தன. டயரின் ஓரம்தான் உள்ளே போயிருந்தது. வண்டி இன்னும் சிறிது உருண்டால் அச்சு டயரை விட்டுக் கீழே இறங்கிவிடும்.

கணவர் கடையிலிருந்து ஓடிவந்தார். தங்கை அடுக்களையிலிருந்து ஓடிவந்து, நிலைமையைக் கண்டதும் கணவரின் கால்களைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். உள்ளே இருந்தவர் கதறினார்.

"இழுக்காதே!" அக்காவின் குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது. "கைய எடுடி!"

"அக்கா, தூக்கு! சீக்கிரம் தூக்குக்கா!"

அக்காவின் கணவர் மீட்புப் படைக்குத் தொலைபேசியில் பேசினார். கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். எப்போது வருவார்கள் என்று சொல்லவில்லை.

"அக்கா..." உள்ளிருந்து வந்த குரல் மெலிந்திருந்தது. "மூச்சு... பாதிதான் வருது."

"பாதி போதும். பேசாதீங்க. பேசுற மூச்சையும் சேத்து வெச்சுக்குங்க."

அக்கா கட்டைகளை இணைத்த கயிற்றைத் தேடினார். அதன் ஒரு முனை வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்ததும் இரண்டு கட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு முன்சக்கரத்தை நோக்கி ஓடினார்.

"எங்கக்கா போறே?" தங்கை பின்னாலேயே ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "அவரு உள்ள கெடக்குறாரு, நீ கட்டைய வெச்சு விளையாடுறியா? ஜாக்கிய எடுக்கா!"

"கட்டை வெக்காம தூக்கினா வண்டி திரும்ப உருளும்."

"உருளாது! தூக்கு!"

"இப்ப உருண்டுச்சா இல்லையா?"

"உன் பயத்துக்கு என் புருஷனைப் பலி குடுப்பியா?"

அக்கா குந்தி, தரையில் கிடந்த சுத்தியலை எடுத்தார். சக்கரத்தின் முன்னே ஒரு கட்டையைச் செருகிச் சுத்தியலால் அறைந்தார். பின்னே மற்றொன்றை. தங்கையின் அழுகை முதுகில் விழுந்தது. எழுந்தவர், உதைத்துப் பார்க்கவும் தவறவில்லை. அந்த ஓர் உதையைத் தங்கை அதன்பின் நெடுநாள் மன்னிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

"பலகை குடுங்க. பெட்டிக்குள்ள ஐஸுக்கு அடியில போடுற பலகை. எத்தனை இருக்கோ அத்தனையும்."

கணவர் ஏறி எடுத்துப் போட்டார். அக்கா ஜாக்கியை நிமிர்த்தி, அதன் திருகை முடுக்கினார். இனி அதை அச்சுக்கு அடியில், பட்டைக்கு உட்புறமாக வைக்க வேண்டும். அதற்கு அவரும் படுத்து, தலையையும் கையையும் உள்ளே நீட்ட வேண்டும்.

அவர் தயங்கி நின்றார். நெடுநேரம் அன்று; ஆனால் கணவர் அதைக் கண்டுகொண்டார்.

"நான் போறேன்" என்றார் கணவர்.

"எங்க வெக்கணும்னு உங்களுக்குத் தெரியாது."

"நீ சொல்லு, வெக்கிறேன்."

"சொல்ற நேரத்துல வெச்சிடலாம்."

படுத்தார். வாழ்நாளெல்லாம் எதற்கு அஞ்சினாரோ அதற்கு அடியில், முட்டில்லாமல், டயரின் ஓரத்தை மட்டும் நம்பி நுழைந்தார். எண்ணெய் சொட்டு ஒன்று கன்னத்தில் விழுந்தது. சற்றுத் தள்ளி மாப்பிள்ளையின் முகம் தெரிந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன. சுத்தமாகச் சவரம் செய்த தாடையில் கிரீஸ் அப்பியிருந்தது.

"ஸ்டாண்டு..." என்றார் மாப்பிள்ளை.

"தெரியும். பேசாதீங்கன்னு சொன்னேன்ல."

பலகையை இட்டார். அதன்மேல் ஜாக்கியை வைத்தார். ஜாக்கியின் தலை அச்சைத் தொடும்வரை கையால் திருகினார். கைப்பிடிக் கம்பியைக் குழியில் பொருத்தப் போனபோது கை நடுங்கியதில் கம்பி குழிக்குள் போகாமல் விளிம்பில் தட்டித் தட்டி ஒலித்தது. கணவர் வெளியிலிருந்து கையை நீட்டி அவருடைய மணிக்கட்டைப் பற்றினார். திருகாணிகளோடு பழகிய அந்தக் கை நடுங்கவில்லை. கம்பி உள்ளே போயிற்று.

அக்கா வெளியே வந்து, கம்பியை மெல்ல அழுத்தினார். ஜாக்கி முனகியது. அச்சு ஒரு பலகையின் கனத்துக்கு எழுந்தது.

"பலகை. டயருக்கும் அச்சுக்கும் நடுவுல."

தங்கை செருகினார். அழுகை நின்றுபோயிருந்தது, பற்கள் மட்டும் கிட்டித்திருந்தன. மீண்டும் அழுத்தல். மீண்டும் பலகை. எழும்பிய அளவெல்லாம் உடனுக்குடன் முட்டாகிக்கொண்டிருந்தது. ஜாக்கி இப்போது நழுவினாலும் அச்சு பழைய இடத்துக்கு இறங்காது. மாப்பிள்ளையிடமிருந்து முதன்முறையாக ஒரு முழு மூச்சு கேட்டது. அது விம்மலாக முடிந்தது.

"போதும்க்கா. இடம் இருக்கு, இழுத்துடலாம்."

"போதாது. ஸ்டாண்டைத் தள்ளு."

தங்கை இம்முறை மறுத்துப் பேசவில்லை. ஸ்டாண்டு அச்சுக்கு அடியில் நின்றது. அக்கா ஜாக்கியை ஓர் இழை தளர்த்தினார். பாரம் ஸ்டாண்டில் அமர்ந்தது. தோளால் வண்டியை முட்டினார். அடியில் ஓர் உயிர் இருக்கும்போது அப்படி முட்டுவதற்கு அவருக்கு எங்கிருந்து துணிவு வந்தது என்று கேட்டால், முட்டாமல் இருப்பதற்குத்தான் துணிவு இல்லை என்பார். வண்டி ஆடவில்லை.

"இப்ப இழு. தோளைத் தொடாதே, பெல்ட்டைப் பிடி."

மாப்பிள்ளை வெளியே வந்தார். சட்டை தோளில் கிழிந்து, போல்ட்டின் முனை பதிந்த இடம் கருத்திருந்தது. வானத்தைப் பார்த்தபடி கிடந்தவரின் மேல் தங்கை விழுந்து அழுதார். மீட்புப் படையினர் வந்து, அவரைத் தூக்குப்படுக்கையில் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். எலும்பு முறியவில்லை. தசை நைந்திருக்கிறது, கையை அசைக்காமல் கட்டிப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர்கள் போன பிறகு அக்கா முன்னறையில், கண் பரிசோதனைக்கு வருபவர்கள் உட்காரும் நாற்காலியில் அமர்ந்தார். அவருடைய பற்கள் தந்தியடித்தன. கணவர் போர்வை கொண்டுவந்து போர்த்தினார்.  எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துப் பலகையின் பெரிய எழுத்துகூடத் தமக்குத் தெரியவில்லை என்று அக்கா சொன்னார். "வித்துடலாம்" என்றும் சொன்னார். "வண்டிய வித்துடலாம்."

"வித்துடலாம்" என்றார் கணவர். "ஆனா மூணு சக்கரத்தோட யாரு வாங்குவாங்க?"

வண்டி ஸ்டாண்டின்மேல் அப்படியே நின்றது. கடைகளுக்கு ஐஸ் போகவில்லை. மீன் கடைக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்து, சீண்டாமல், உடம்பை மட்டும் விசாரித்துவிட்டுப் போனார். பட்டறைக்குச் சொல்லியனுப்பியதில், வண்டியை இங்கே கொண்டுவந்தால் பார்ப்போம் என்று பதில் வந்தது. அக்கா முற்றத்துப் பக்கத்துச் சன்னலைச் சாத்தியே வைத்திருந்தார். மாப்பிள்ளையும் தங்கையும் ஊருக்குத் திரும்பவில்லை; கைக்கட்டுடன் நெடும்பயணம் கூடாது என்றார்கள். அக்காளும் தங்கையும் சாப்பாட்டுக்கு அழைப்பதைத் தவிர வேறு பேச்சின்றி இருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் அக்கா பழைய புடவை ஒன்றைச் செருகிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். கட்டைகளை உதைத்தார். ஸ்டாண்டைத் தட்டினார். வண்டியை முட்டினார். புதிய சிலிண்டரையும் ஸ்பானரையும் தரையில் வைத்தார். பிறகு அச்சுக்கு முன்னே குந்தியவர் அசையவில்லை.

கைக்கட்டுடன் வாசற்படியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு வண்டியைப் பார்த்தாலே வியர்த்தது. அவர் வெளியே வந்ததே அதிகம்.

"அக்கா, என்னால கிட்ட வர முடியாது" என்றார். "மன்னிச்சுக்குங்க."

"நான் கூப்பிடலையே. அங்கயே இருங்க. ஆனா பேசிட்டே இருங்க."

"என்ன பேசுறது?"

"ஏதாவது. உங்க பட்டறைக் கதை ஏதாவது. குரல் கேட்டுட்டே இருந்தா போதும்."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். காரைப் பழுதுபார்க்க விட்டுவிட்டு, போகும்போது வேறொருவர் காரை ஓட்டிச் சென்றுவிட்ட வாடிக்கையாளர் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அக்கா மல்லாந்து படுத்தார். கண்களை ஒருமுறை இறுக மூடித் திறந்து, உள்ளே நகர்ந்தார்.

"அப்புறம்?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"அப்புறம் என்ன, அந்தாளு வீட்டுக்குப் போனதும் அவரு பொண்டாட்டி கேட்டாங்களாம், என்னங்க இது, வண்டி கலரு மாறியிருக்கேன்னு..."

ஸ்பானர் உலோகத்தில் உரசும் ஓசை கேட்டது. மாப்பிள்ளை அச்சையே பார்த்தார். ஸ்டாண்டையே பார்த்தார். பேச்சு அவரை அறியாமல் நின்றது. உடனே ஸ்பானரும் நின்றது.

"மாப்பிள்ளை, இருக்கீங்களா?"

"இருக்கேன் அக்கா."

"நிறுத்தாதீங்க. அந்தம்மா கேட்டாங்க. அவரு என்ன சொன்னாரு?"

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை வந்து கணவரின் அருகே படியில் உட்கார்ந்தார். வண்டிக்கு அடியில் தெரிந்த அக்காவின் பாதங்களைப் பார்த்தார். குதிகால்கள் தரையில் கிடுகிடுவென நடுங்கிக்கொண்டிருந்தன.

"சொல்லுங்க" என்றார் தங்கை கணவரிடம். "அக்கா கேக்குறாங்கல்ல, சொல்லுங்க."

மாப்பிள்ளை சொல்லத் தொடங்கினார்.